ஒரு குச்சிதான்!

"செடியெல்லாம் வேண்டாம் சார். ஒரு குச்சி போதும்."

இப்படிக் கேட்டுக்கொண்டு வருகிறவர் கையில் ஏற்கெனவே நாலு குச்சி இருக்கும். "அதுக்கென்ன, எடுத்துக்குங்க" என்று நீங்கள் வாய் திறப்பதற்குள் ஐந்தாவதும் ஒடிந்திருக்கும். அனுமதி கேட்பது ஒரு மரியாதைக்குத்தான்.

அவர்தான் எங்கள் பக்கத்து வீட்டுக் குச்சி சார். அவரிடம் ஒரு குடை உண்டு. அதை அவர் விரித்து யாரும் பார்த்ததில்லை. வெயிலுக்குத் தொப்பி, மழைக்குக் கைக்குட்டை. மடக்கிப் பையில் போடுகிற இந்தக் காலத்துக் குடை அவருக்கு ஆகாது. பிடி வளைந்த பழைய நீளக் குடைதான் வேண்டும். காம்பவுண்டுச் சுவருக்கு மேலே எட்டிப் பார்க்கும் நந்தியாவட்டைக் கிளையில் அந்த வளைவை மாட்டுவார். நிதானமாகக் கீழே இழுப்பார். இடது முழங்கையால் கிளையை அமுக்கிக்கொண்டு வலது கையால் கணுவுக்குக் கீழே ஒரு வெட்டு. கிளை மேலே எகிறிப் போகும்போது நாலு பூ உதிரும். அதையும் பொறுக்கிக்கொள்வார், வீட்டில் சாமி படத்துக்கு.

குள்ளச் செடிகள் அவர் கண்ணிலேயே படாது. "பட்டன் ரோஸ், டேபிள் ரோஸ் எல்லாம் பசங்க வெளயாட்டு சார். செடின்னா அண்ணாந்து பாக்கணும்" என்பார். செம்பருத்தி, பொன்னரளி, அரளி, மந்தாரை, மஞ்சள் டெகோமா, பவழமல்லி என்று ஆளுயரத்தைத் தாண்டிப் பூக்கிற ஜாதிகள்தான் அவர் குறி. இதில் பவழமல்லியில் அவர் படுகிற பாடு பரிதாபம். அது குச்சியில் வந்தாலும் வரும், வராமலும் போகும். விதையில் சுலபமாக வரும். தட்டைக் காய்க்கு இரண்டு விதை என்று மரத்தடியில் உதிர்ந்து கிடக்கிறது, கேட்பாரில்லை. சார் அதை மிதித்துக்கொண்டு நின்றபடி மேலே குடையை மாட்டுவார். "விதையில போட்டா எப்ப மொளச்சு எப்ப பூக்கறது?" உண்மைக் காரணம் அதுவல்ல. விதை பொறுக்குவதில் என்ன சுவாரசியம் இருக்கிறது?

அவருக்கென்று ஒரு சட்டப் புத்தகம் இருக்கிறது. சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கிளை ஊருக்குச் சொந்தம். சுவருக்கு உள்ளே இருந்து குடைக்கு எட்டினால் அதுவும் ஊருக்குச் சொந்தம். கோயில் நந்தவனம் சாமி சொத்து, ஆகவே பக்தனுக்கும் பாத்தியதை உண்டு. அரசு அலுவலக வேலியோரச் செடி வரிப்பணத்தில் வளர்வது. திருடி நட்ட செடிதான் செழிக்கும் என்று மணி பிளான்ட்டுக்கு நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை உண்டே, அதை அவர் தாவர உலகம் முழுமைக்கும் விரித்துவிட்டார்.

கல்யாணத்துக்குப் போனால் எல்லோரும் முகூர்த்தம் பார்ப்பார்கள். சார் மண்டபத்து வேலியைப் பார்ப்பார். பந்தியில் பக்கத்து இலை காலியாகவே இருக்கும். பாயசம் வரும் நேரத்துக்கு வந்து உட்காருவார், வேட்டி மடிப்பில் ஏதோ துருத்திக்கொண்டிருக்கும். ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்கப் போனபோது ஆரஞ்சுப் பை ஒருவர் கையில், ஹார்லிக்ஸ் இன்னொருவர் கையில், சாரைக் காணோம். எமர்ஜென்சி வார்டுக்குப் பின்னால் ஆளுயர இட்லிப்பூ வரிசை இருந்ததை அவர் ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே கவனித்துவிட்டார்.

துக்க வீட்டிலும் விலக்கில்லை. ஒரு பெரியவர் இறந்து, நாங்கள் எல்லோரும் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தோம். சாரும் தலை குனிந்துதான் இருந்தார். ஆனால் கண் மட்டும் மேலே, மதில் ஓரத்து மந்தாரையில். புறப்படும்போது மூத்த மகனின் தோளைத் தொட்டு, "அப்பா கையால வெச்சதாப்பா? ஒரு குச்சி எடுத்துக்கறேன், அவர் ஞாபகமா இருக்கட்டும்" என்றார். அந்தப் பையன் கண் கலங்கிவிட்டான். தானே ஏணி கொண்டுவந்து வைத்தான்.

நெடுஞ்சாலைப் பயணம் தனிக் கொடுமை. நாற்கரச் சாலைகளின் நடுவே வரிசையாக அரளியும் காகிதப்பூவும் வைத்திருக்கிறார்களே, தண்ணீர் அதிகம் கேட்காது, விஷம் என்பதால் அரளியை மாடும் கடிக்காது என்று. எதிர்ப்பக்கத்து வண்டியின் வெளிச்சத்தையும் கொஞ்சம் மறைக்கும். இத்தனை யோசித்து வைத்தவர்கள் குச்சி சாரை யோசிக்கவில்லை. திருச்சி போகிற வழியில் எல்லோரும் காபிக்கு நிறுத்தச் சொல்வார்கள். சார் பீச் நிறத்துக்கு நிறுத்தச் சொல்வார். "இந்தக் கலர் செங்கல்பட்டு தாண்டிக் கெடைக்காது சார், ஓரமா நிறுத்துங்க." லாரிகள் இரண்டு பக்கமும் பறக்க, நடுத்திட்டில் ஒரு மனிதர் குடையோடு நிற்கும் காட்சியை வண்டிக்குள் இருந்து பார்த்திருக்கிறேன். அவர் மனைவி பின்சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஜபித்துக்கொண்டிருந்தார்.

ஒடித்தபின் நடப்பதில்தான் அவருடைய வித்தை இருக்கிறது. அதில் குறை சொல்ல முடியாது. சட்டைப் பையில் சிறு கத்தி, கால்சட்டைப் பையில் ஈரச் செய்தித்தாளும் பால் கவரும். நடந்துகொண்டே இலைகளை உருவிவிடுவார். நுனியில் இரண்டு மட்டும் இருக்கும், அதையும் பாதியாக நறுக்குவார். "எல விட்டா தண்ணிய இழுத்து ஆவியா விட்டுடும். வேரே இல்லாதவன் எங்க போய்த் தண்ணி குடிப்பான்?" குச்சிகள் எல்லாம் அவருக்கு 'அவன்'. பென்சில் கனம், அரை அடிக்குக் கொஞ்சம் கூட. பச்சையாகவும் இருக்கக் கூடாது, முற்றியும் போயிருக்கக் கூடாது. அடிப்பக்கம் சாய்வாக, மேல்பக்கம் நேராக வெட்டு, எது தலை எது கால் என்று பின்னால் குழப்பம் வராமல் இருக்க. வேர் விடச் சொல்லும் சத்து மேலிருந்து கீழேதான் இறங்கும் என்பதால் தலைகீழாக நட்டவனுக்குக் கதி மோட்சம் இல்லை. பிறகு மணலும் தேங்காய் நார்க்கழிவும் கலந்த தயிர் டப்பா, மேலே பாலிதீன் கவர் மூடி, நிழலில் ஒரு மாதம்.

ஒரு வாரத்தில் துளிர் எட்டிப் பார்த்ததும் நாம் எல்லோரும் குதிப்போம். சார் அசையமாட்டார். "அவன் உள்ள இருக்கற பி.எஃப். பணத்தச் செலவு பண்றான் சார். பென்ஷன் இன்னும் சாங்ஷன் ஆகல." அது உண்மைதான். வேர் இல்லாமலேயே குச்சி தன் இருப்பை வைத்துத் துளிர்க்கும். அதை நம்பி வெயிலில் எடுத்து வைத்தால் இரண்டே நாளில் கருகும். பிடுங்கிப் பார்க்கவும் கூடாது. இது ஊருக்கு உபதேசம். விடிகாலையில் மொட்டை மாடியில் அவர் ஒவ்வொரு குச்சியாக மெல்ல அசைத்துப் பார்ப்பதை நான் என் வீட்டு ஜன்னலிலிருந்து பார்க்கிறேன்.

பெருங்கள்ளிப் பூமரக் குச்சி மட்டும் உடனே நடக் கூடாது. பால் வடியும், ஒரு வாரமாவது உலர்ந்து வெட்டுவாய் ஆறவேண்டும், இல்லாவிட்டால் அழுகிவிடும். சரி, உலரட்டும். எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவர் மேலா உலர வேண்டும்? விறகு என்று நினைத்து எங்கள் வீட்டு வேலைக்கார அம்மா ஒருமுறை எடுத்துப் போய்விட்டார். அதற்குப் பிறகு நடந்த விசாரணை ஒரு வாரம் நீடித்தது.

வேர் பிடித்தவுடன் பெயர் சூட்டுவார். தாவரவியல் பெயர் அல்ல, நிறத்தின் பெயரும் அல்ல. ஒடித்த இடத்தின் பெயர். இங்கேதான் தெருவுக்குத் தலைவலி. "சம்பந்தி வாடிப்போயிருக்காங்க, கொஞ்சம் எப்சம் உப்பு போட்டிருக்கேன்" என்று அவர் போனில் யாரிடமோ சொல்ல, அதைக் கேட்ட எதிர்வீட்டு அம்மா பதறிக்கொண்டு நலம் விசாரிக்கப் போனார். "சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் மொட்டு கட்டிடுச்சு." "எல்.ஐ.சி. ஏஜென்ட்டுக்கு இந்த வருஷம் பூவே இல்ல, எலதான்." "கண் டாக்டர் ரெண்டு பேர்ல ஒருத்தர் போயிட்டார்." மாவுப்பூச்சி வந்த ஒரு கோடையில், "எல்லாம் சம்பந்திகிட்ட ஆரம்பிச்சதுதான், அங்கேருந்துதான் எனக்கே பரவிச்சு" என்று மாடியில் நின்று அவர் கத்தியது தெருமுனை வரை கேட்டது. வேப்பெண்ணெயும் சோப்புக் கரைசலும் தெளித்துச் சம்பந்தியைக் காப்பாற்றினார். சம்பந்தி அம்மாளின் காதுக்கு விஷயம் போய்ச் சேர்ந்ததும் அந்த வருடத் தீபாவளிக்கு வரிசை வரவில்லை. இறந்துபோன அந்தப் பெரியவர் மட்டும் எங்கள் எல்லோருக்கும் கொஞ்சம் கஷ்டம். "ஐயா நேத்து ராத்திரி அப்படியே பூத்துக் கொட்டிட்டார் சார்!"

அவரைத் திருடர் என்று சொல்லிவிட்டால் போதும், சரித்திரப் பாடம் தொடங்கும். "நானா திருடன்? 1848-ல ராபர்ட் ஃபார்ச்சூன்னு ஒருத்தன் சீனாக்காரன் மாதிரி மொட்டை போட்டுச் சடை வெச்சுக்கிட்டுப் போய்த் தேயிலைச் செடிய இந்தியாவுக்குக் கெளப்பிக்கிட்டு வந்தான். கண்ணாடிப் பெட்டியில அடச்சுக் கப்பல்ல! அவன் பேர்ல புஸ்தகம் போடறாங்க. நீங்க காலையில குடிச்ச டீக்கு அதுல பங்கு இருக்கு." காகிதப்பூவுக்கு இன்னொரு கதை. பிரெஞ்சுக் கப்பல் தலைவர் போகன்வில் 1766-ல் உலகம் சுற்றப் புறப்பட்டார். உடன் போன தாவர ஆய்வாளர் பிரேசிலில் அந்தக் கொடியைக் கண்டெடுத்தார். அவருக்கு உதவியாளாகப் போன ஒருவர் ஆண் வேடம் போட்ட பெண் என்பது வழியில்தான் அம்பலமாயிற்று. "ஒரு குச்சிக்காக ஒரு பொம்பள வேஷம் கட்டிக் கப்பலேறிப் போயிருக்கா. நான் கேட்டுட்டுத்தானே சார் ஒடிக்கறேன்?"

அவர் வாதங்களில் ஒன்றுக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை, அது செம்பருத்தி பற்றியது. நம் வீட்டுச் செம்பருத்திக்கு 1753-லேயே லின்னேயஸ் அறிவியல் பெயர் வைத்துவிட்டார். ஆனால் அது காட்டில் தானாக வளர்ந்து நிற்பதை யாரும் கண்டதில்லை. எந்தக் காலத்திலோ யாரோ வளர்த்தது, அதிலிருந்து யாரோ ஒடித்தது, அப்படியே கை மாறி மாறி வந்தது. மலேசியா அதை 1960-ல் தேசிய மலராக்கிக்கொண்டது, அங்கேயும் அது இப்படிப் போய்ச் சேர்ந்ததுதான். அடுக்குச் செம்பருத்தி பெரும்பாலும் காய்ப்பதே இல்லை. குச்சி ஒடிக்க ஆளில்லாவிட்டால் அந்த வம்சம் நின்றுபோகும். ஆக, கோடம்பாக்கத்திலோ கோலாலம்பூரிலோ ஒரு செம்பருத்தி பூத்திருந்தால் அதற்கு முன்னால் எத்தனையோ தலைமுறைக் குச்சி சார்கள் நின்றிருக்கிறார்கள்.

அவர் கைராசியையும் சொல்லத்தான் வேண்டும். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு பழைய ஓட்டு வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டினார்கள். வாசலில் இருந்த மஞ்சள் அரளி, நந்தியாவட்டை எல்லாம் ஜேசிபி வாய்க்குள் போயின. சில வருடம் கழித்து அந்த வீட்டுப் பெண் வெளிநாட்டிலிருந்து வந்தவர், பிறந்த வீட்டைப் பார்க்க ஆசைப்பட்டுத் தெருவில் நின்று திகைத்துக்கொண்டிருந்தார். குச்சி சார் அவரை மாடிக்கு அழைத்துப் போய், "இதோ உங்க வீடு" என்று நந்தியாவட்டையைக் காட்டினார். அந்தம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டார். திரும்பிப் போகும்போது இந்தியாவில் இருக்கும் தம்பி வீட்டுக்கென்று வேர் பிடித்த கன்று ஒன்றை, எப்போது தண்ணீர், எவ்வளவு வெயில் என்று எழுதிய சீட்டோடு எடுத்துப் போனார்.

எனக்கு அன்று சார் மேல் ரொம்ப மதிப்பு வந்தது. அது நீடிக்காததற்குக் காரணம் இருக்கிறது.

முன்பின் தெரியாதவருக்குக் கன்று கொடுப்பார். பக்கத்து வீட்டுக்காரனான எனக்கு அவர் கொடுத்திருப்பதெல்லாம் கற்பூரவள்ளி. கற்பூரவள்ளி வைக்க ஒரு கையும் வேண்டாம், ராசியும் வேண்டாம்; கிள்ளிப் போட்டால் முளைக்கும். ஊரில் எல்லோரிடமும் இருக்கிறது, எல்லோரும் எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்புறம் ரணகள்ளி. அதற்குக் குச்சிகூட வேண்டாம், இலை ஓரத்திலேயே குட்டி போடும். கொடுத்ததோடு விடுவாரா? வாரா வாரம் தணிக்கை. "என்ன சார், ரணகள்ளி சொணங்கின மாதிரி இருக்கே, தண்ணி அதிகமா?" பெற்ற பிள்ளைகளின் படிப்பைப் பற்றி என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லை.

வருடம் ஒரு முறை மகள் வீட்டுக்கு அவர்கள் பெங்களூர் போகும்போது மாடிச் சாவி என்னிடம் வரும், கூடவே நோட்டுப் புத்தகமும். எந்த டப்பாவுக்கு ஒரு டம்ளர், எதற்குத் தெளித்தால் போதும், எதற்குச் சாயங்காலம் மட்டும். பகல் முழுக்க வேலை பார்த்துவிட்டு வருகிற மனிதன் டார்ச் வெளிச்சத்தில் எல்.ஐ.சி. ஏஜென்ட்டுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஊற்றுகிற தண்ணீரில் பாதி செம்மண் கரைசலாக இறங்கி எங்கள் வீட்டு வெள்ளைச் சுவரில் கோடு போடும். போன பொங்கலுக்கு அடித்த பெயின்ட் அது. நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை; பெயின்டருக்குக் கொடுத்த பணம் என்னுடையது.

போகட்டும், இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். செம்பருத்தி விஷயம்தான் ஆறவில்லை.

என் அம்மா வைத்த அடுக்குச் செம்பருத்தி எங்கள் வாசலில் இருந்தது. இளம் மஞ்சள், நடுவில் லேசாகச் சிவப்பு ஓடும். முதல் மாடி பால்கனி வரை வளர்ந்தது. குச்சி சார் அதில் ஒடிக்காத மாதம் கிடையாது. நான் முகம் சுளித்தால், "ஒடிச்சாத்தான் சார் தழைக்கும். புதுசா விடற கொப்புலதான் பூவே வைக்கும். நான் ஒடிக்கறது உங்க நன்மைக்கு" என்பார். சொன்னதில் தப்பில்லை, செம்பருத்தியின் குணம் அப்படித்தான். ஆனால் அவர் தயவில் எங்கள் செடி குடை எட்டும் உயரம் வரை மொட்டையாகவும் அதற்கு மேலே புதராகவும் நின்றது. பிறகு வாசலில் மழைநீர் வடிகாலுக்குத் தோண்டினார்கள். வேரில் பாதி போயிற்று, செடி அந்தக் கோடையைத் தாண்டவில்லை.

அதனால் என்ன, பக்கத்து வீட்டில்தான் அதன் குச்சி இருக்கிறதே என்று நானும் தெம்பாக இருந்தேன். போய்க் கேட்டேன்.

"தரேன் சார், தராம என்ன? இப்ப மொட்டு வெச்சிருக்கு. மொட்டு வெச்ச கொப்பு வேர் விடாது."

மொட்டு விரிந்தது. போனேன். "நல்ல வெயில் காலம் சார் இது, குச்சி கருகிடும். ஆடி வரட்டும்." ஆடி வந்தது. "காத்தடிக்கிற மாசம், ஆட்டிவிட்டுடும். ஐப்பசி மழையில வெச்சா நிக்கும்." ஐப்பசியில் மழை பெய்தது. "இவ்ளோ ஈரத்துல அழுகிடும்." நடுவில் ஒரு முறை அமாவாசை வந்தது, ஒரு முறை உரம் வைத்த புதிது என்றார். உலகத்துச் செடியையெல்லாம் துக்க வீட்டில்கூட ஒடித்த மனிதருக்குத் தன் மாடிக்கு மட்டும் பஞ்சாங்கம் இருக்கிறது.

ஒரு நாள் எனக்கும் பொறுமை போயிற்று. "சார், விதையில வந்தாத்தான் அது பிள்ளை. குச்சியில வந்தது பிள்ளை இல்ல, அதே செடி. அணு அணுவா அதே செடி. நீங்கதான் சொல்லிக்குடுத்தீங்க. அப்படின்னா உங்க மாடியில நிக்கறது எங்கம்மா வெச்ச செடியேதான். நான் இரவல் கேக்கல, என் செடியிலேருந்து ஒரு குச்சி கேக்கறேன்" என்றேன். சார் என்னைப் பெருமையாகப் பார்த்தார், பாடத்தை நன்றாகப் பிடித்துக்கொண்ட மாணவனைப் பார்ப்பது போல. பிறகு வருத்தமாகத் தலையாட்டினார்.

"குடுக்கறதுல ஒண்ணும் இல்ல சார். ஆனா உங்க வீட்டுப் பக்கம் வெயிலே இல்லையே? செம்பருத்திக்கு நல்ல வெயில் வேணும். வெச்சீங்கன்னா எலதான் வரும், பூ வராது. பாவம், அவன எதுக்குக் கொண்டுபோய் வதைக்கணும்?"

எங்கள் வீட்டுக்குக் கிழக்கே அவர் வீடு. அந்தச் சுவரை ஒட்டித் தரையில் சம்பந்தி, சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ், காலமான ஐயா மூவரும் வரிசையாக நிற்கிறார்கள். மூவரும் இப்போது மாடி உயரம். காலை வெயில் முழுவதையும் அவர்கள் வாங்கிக்கொண்டு எங்களுக்கு மதியத்துக்கு மேல்தான் விடுகிறார்கள். வடாம் காயவைக்க என் மனைவி தெருமுனை அக்கா வீட்டு மாடிக்குப் போகிறாள்.

"வெயில மறைக்கறதே உங்க செடிங்கதானே சார்?" என்றேன். "சுவர் உயரத்துக்குக் கொஞ்சம் வெட்டிவிட்டா என்ன?"

குச்சி சார் ஓரடி பின்னால் நகர்ந்தார். குடையைக்கூட மார்போடு அணைத்துக்கொண்டார்.

"என்ன சார் இப்படிச் சொல்லிட்டீங்க! வளர்ற செடியப் போய் வெட்டறதா?"